பல்லி டயர்

ஓடுகிற பஸ்ஸில் ஓடாத இடம் ஒன்று இருக்கிறது. சொன்னால் நம்ப மாட்டீர்கள். சக்கரம் உருளும்போது தரையைத் தொட்டுக்கொண்டிருக்கிற புள்ளி இருக்கிறதே, அது அந்தக் கணத்தில் அசையாமல் நிற்கிறது. உச்சியில் இருக்கிற புள்ளி பஸ்ஸைவிட இரண்டு மடங்கு வேகத்தில் பாய்கிறது, அடியில் இருப்பது சிவனே என்று கிடக்கிறது. வழுக்காமல் உருள்வது என்றால் இதுதான். ஆனால் சாதாரண டயர் எதுவும் முழுக்க முழுக்க அப்படி உருள்வதில்லை. பிரேக் போட்டால் கொஞ்சம் வழுக்கும், வளைவில் கொஞ்சம் வழுக்கும், மழை பெய்தால் கேட்கவே வேண்டாம்.

எங்கள் டயர் வழுக்காது. பல்லி சுவரில் ஓடுகிறதல்லவா, அதன் பாதத்தில் கண்ணுக்குத் தெரியாத இழைகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. வைத்தால் பிடித்துக்கொள்ளும், தூக்கினால் விட்டுவிடும். அதே மாதிரி இழைகளை ரப்பரில் முளைக்க வைத்தோம். கம்பெனி அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் வைத்தது. கோயமுத்தூர்க்காரர்கள் பல்லி டயர் என்றார்கள். இரண்டே மழைக்காலத்தில் தமிழ்நாடு முழுக்க அதே பெயர்தான். ஈர ரோட்டில் சறுக்கிச் சாவது பாதியாகக் குறைந்தது. இதைச் சொல்லும்போது எனக்கு இன்னமும் பெருமையாகத்தான் இருக்கிறது, மறைப்பானேன்.

வினை அதற்குப் பிறகுதான் வந்தது. வழுக்கவே வழுக்காத சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணினால் வண்டியின் வேகம் அப்பட்டமாகக் கிடைத்துவிடும். இடது பின் சக்கரத்தில் ஒரு பெட்டியை மாட்டினோம், அது எண்ணியது. பெட்டிக்குள் இருக்கிற கணக்கு என்னுடையது. அரசாங்கத்துக்கு அது ரொம்பவே பிடித்துப்போய், விபத்து வழக்குகளில் பெட்டி கடைசியாகக் காட்டிய வேகம்தான் முடிவு என்று சட்டமே போட்டுவிட்டது. சக்கரச் சாட்சி என்று அதற்குப் பெயர். டிரைவர் சொல்வதைக் கேட்க வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் சொல்வதையும் கேட்க வேண்டாம். கம்பெனி ஆள் ஒருவர் கோர்ட்டுக்கு வந்து டயர் வழுக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும்.

போன ஐப்பசியில், தீபாவளிக்கு முந்தின சந்தை நாளன்று, வெள்ளிக்கோம்பை மலை ஏறிக்கொண்டிருந்த தனியார் பஸ் ஒன்று கொண்டை ஊசி வளைவில் வலது பக்கமாகச் சாய்ந்து பள்ளத்தில் விழுந்தது. நாலு பேர் செத்துப்போனார்கள். டிரைவர் மயில்சாமி காலொடிந்து பிழைத்தார். இருபத்தைந்தில்தான் போனேன் என்றார் அவர். ஐம்பத்தாறு என்றது பெட்டி. அப்புறம் என்ன, ஆஸ்பத்திரியிலிருந்து நேரே ஜெயில்தான்.

அந்த வழக்குக்கு என்னைப் போகச் சொன்னார் எங்கள் டைரக்டர் ஜெயசிம்மன்.

“ரெண்டு நிமிச வேலைங்க சுகந்தி. போறீங்க, வழுக்கலைன்னு சொல்றீங்க, வர்றீங்க. எதுக்கு இப்படி உக்காராம நடந்துட்டே இருக்கீங்க?”

“மலை ஏறும்போது அம்பத்தாறு போகுமா சார்? அதுவும் கொண்டை ஊசியில?”

“புது எஞ்சின், போனாலும் போகும். நம்ம டயர் வழுக்குச்சா, இல்லையா?”

“வழுக்கல. ரோட்டுல இழைத் தடம் சுத்தமா இருக்கு.”

“அப்புறமென்ன?”

அப்புறம் என்ன என்று எனக்கும் தெரியவில்லை. ஆனால் இருப்புக் கொள்ளவில்லை. வீட்டில் சாதத்தைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போய் ஜன்னலில் நின்றேன். “கால்ல சக்கரம் கட்டியிருக்கியா, உக்காந்து தின்னு” என்று வீட்டுக்காரர் சத்தம் போட்டார்.

கோர்ட்டுக்குப் போன அன்றைக்கு வழக்கு வரவில்லை, அடுத்த வாய்தாவுக்குத் தள்ளிவிட்டார்கள். நான் கிளம்பும்போது வராந்தா பெஞ்சில் போலீஸ்காரருக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த ஒருத்தர் கூப்பிட்டார். ஐம்பது வயதிருக்கும். நாலு நாள் தாடி. பக்கத்தில் ஊன்றுகட்டை.

“மேடம், வக்கீல் சொன்னாருங்க, அந்தப் பொட்டி செஞ்சது நீங்கதானுங்களா?”

மயில்சாமி என்று புரிந்தது. சாட்சி சொல்ல வந்தவள் குற்றம் சாட்டப்பட்டவரிடம் பேசலாமா என்றெல்லாம் யோசிக்கவில்லை. போலீஸ்காரரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆமாங்க. நாந்தான்.”

“ஒன்னே ஒன்னு கேக்கோணுமுங்க. அது தப்பாச் சொல்லாதுங்களா?”

“டயர் வழுக்கினாத்தான் தப்பாச் சொல்லும்.”

“வழுக்கலீங்க. சத்தியமா வழுக்கல. வழுக்கியிருந்தா எனக்குத் தெரியாமப் போகுமுங்களா, இருவது வருசமா ஓட்டறேன். அப்படியே புடிச்ச புடியில நின்னுச்சுங்க. நின்னுட்டே சாஞ்சுருச்சு.” கையைச் செங்குத்தாக நிறுத்தி மெல்லச் சாய்த்துக் காட்டினார். “அப்ப நாந்தான் வேகமாப் போயிருக்கேன். எனக்கென்னமோ இருவத்தஞ்சுல போன ஞாபகமுங்க. மண்டையில அடிபட்டதுல புத்தி கொழம்பிருச்சோ என்னமோ. வக்கீல்கிட்டச் சொல்லிட்டேனுங்க, அடுத்த வாய்தாவுல ஒத்துக்கறேன்னு.”

“செய்யாததை எதுக்குங்க ஒத்துக்கறீங்க?”

“செஞ்சேனா செய்யலையான்னே தெரியலீங்களே. பொட்டிக்கு என்ன, எம் மேல கோவமா? செத்துப்போனதுல ஒரு புள்ளைக்கு என்ற மகள் வயசுங்க. நாந்தான்னு ஒத்துக்கிட்டாலாவது தூக்கம் வருமான்னு பாக்கறேன்.”

பொய் சொல்கிற மனிதன் தன்னை நிரபராதி என்பான். இந்த மனிதர் என் பெட்டியை நம்பித் தன் ஞாபகத்தையே தூக்கிப் போட்டுவிட்டார்.

அடுத்த சந்தை நாளன்று லீவு போட்டுவிட்டு வெள்ளிக்கோம்பை அடிவாரத்துக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. மலைக்கு மேலே இருக்கிறவர்கள் வாரம் ஒருமுறை இறங்கி வந்து சாமான் வாங்கிக்கொண்டு மத்தியான பஸ்ஸில் ஏறுவார்கள். அந்தச் சாமான் முழுக்கக் கூரைக்குப் போகிறது. அரிசி மூட்டை, வெங்காய மூட்டை, சிமெண்ட், கேஸ் சிலிண்டர், யாரோ ஒருத்தருடைய கல்யாணத்துக்கு இரும்புக் கட்டில், பீரோ. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

“எல்லாத்தையும் மேலயே ஏத்தறீங்களே?” என்று கண்டக்டரிடம் கேட்டேன்.

“வேற எங்கீங்க ஏத்தறது, உங்க மடியிலயா?” என்றார் அவர். பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள்.

நாங்களும் பாரம் ஏற்றித்தான் சோதனை செய்தோம். மணல் மூட்டைகளை வரிசையாக சீட்டுக்கு அடியில் அடுக்கினோம். மேலே ஒரு மூட்டைகூட வைக்கவில்லை. ஏசி அறையில் உட்கார்ந்து திட்டம் போட்டவர்கள் ஒருவர்கூட சந்தை நாளில் மலை பஸ் ஏறியதில்லை, நான் உட்பட. பாரம் உயர உயர வண்டி சாய்வதற்குச் சின்னத் தள்ளு போதும் என்பது பள்ளிக்கூடப் பாடம். பாடம் தெரிந்து என்ன பிரயோஜனம்?

பஸ் கிளம்பியது. பஸ்ஸுக்குள் டிரைவருக்கு மேலே பெட்டி காட்டும் வேகம் சிவப்பு எண்களில் ஓடியது. வளைவுகளில் டிரைவர் பயமே இல்லாமல் திருப்பினார். பழைய பஸ்களில் மலை ஏறியிருக்கிறேன். ஈர ரோட்டு வளைவில் பின்பக்கம் லேசாக இழுக்கும், வயிற்றில் ஒரு குளிர் ஓடும், டிரைவர் தன்னாலே காலை எடுப்பார். இதில் அந்த இழுப்பே இல்லை. தண்டவாளத்தில் போகிற மாதிரி போனது. எல்லாரும் நிம்மதியாகத் தூங்கினார்கள். நான் மட்டும் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பாதி மலையில் எதிரே ஒரு மரலாரி வந்தது. வழிவிட எங்கள் டிரைவர் இடது ஓரம் ஒதுக்கினார். அங்கே சாக்கடைமேல் போட்டிருந்த கல் பெயர்ந்து கிடந்தது. தடால் என்று ஒரு சத்தம், பஸ் ஒருக்களித்து நின்றது. லாரி போனதும் டிரைவர் ஆக்சிலேட்டரை மிதித்தார். எஞ்சின் அலறியது, பஸ் நகரவில்லை. இடது பின் சக்கரம் பள்ளத்துக்கு மேலே அந்தரத்தில் தொங்கிக்கொண்டு விர்ரென்று சுற்றியது. சேற்றில் மாட்டிய வண்டியில் பார்த்திருப்பீர்கள், பிடிப்பில்லாத சக்கரத்துக்கே சுற்றெல்லாம் போய்விடும், தரையில் இருக்கிற சக்கரம் தேமே என்று நிற்கும்.

“அடங்கொன்னியா, அங்க பாருங்கடா!” என்று முன் சீட்டில் ஒருத்தர் கத்தினார். “நின்ன எடத்துல நாப்பது போகுது!”

டிரைவருக்கு மேலே எண்கள் ஏறிக்கொண்டிருந்தன. நாற்பது, நாற்பத்தெட்டு, ஐம்பது. பஸ் முழுக்கச் சிரிப்பு. “இன்னும் கொஞ்சம் மிதிங்கண்ணா, சாயங்காலத்துக்குள்ள மெட்ராஸ் போயிரலாம்” என்று யாரோ சொன்னார்கள். நான் கீழே இறங்கி அந்தச் சக்கரத்துக்குப் பக்கத்தில் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வழுக்கவில்லைதான். தரையைத் தொட்டால்தானே வழுக்குவதும் வழுக்காததும்! மயில்சாமி இடது பக்கம் திருப்பினார். வலது டயர்கள் ரோட்டை விடவே இல்லை. மேலே தீபாவளிச் சாமான் மலை மாதிரி. வண்டி பிடித்த பிடியில் நின்று வலது பக்கம் சாய, இடது சக்கரம் தரையைவிட்டு எழுந்து காற்றில் சுற்றியது. பெட்டி பாவம், காற்றைத் தரை என்று நினைத்து எண்ணிக்கொண்டே போனது. சாதாரண டயராக இருந்தால் அந்த வேகத்துக்கு முன்னாலேயே கொஞ்சம் வழுக்கியிருக்கும், மனிதர் பயந்து மெதுவாகப் போயிருப்பார். வண்டியைச் சாய்த்தது எங்கள் டயர். பழியைத் தூக்கி அவர் தலையில் போட்டது எங்கள் பெட்டி.

மறுநாள் காலையில் ஜெயசிம்மனிடம் சொன்னேன். அவர் முட்டாள் இல்லை, பாதியிலேயே புரிந்துவிட்டது. எழுந்து கதவைச் சாத்தினார்.

“இதைக் கோர்ட்டுல சொல்லப் போறீங்களா?”

“பின்னே?”

“சொன்னா அடுத்த நாளே பேப்பர்ல என்ன வரும் தெரியுமுங்களா? பல்லி டயர் ஆளைக் கொல்லுதுன்னு வரும். மலை பஸ்ஸுன்னு தனியாப் பிரிச்சு யாரு பாக்கறா? எல்லாரும் கழட்டி வீசுவாங்க. அடுத்த மழைக்கு எத்தனை பேரு போவாங்கன்னு கணக்குப் போடுங்க, நீங்கதான் கணக்குல புலியாச்சே.”

“மலை பஸ்ஸுல மட்டும் கழட்டுவோம் சார். கூரைல பாரம் ஏத்தக்கூடாதுன்னு சொல்லுவோம். பெட்டியை நாலு சக்கரத்துலயும் வைப்போம்.”

“எல்லாம் செய்வோம். சத்தமில்லாம செய்வோம். அந்த டிரைவருக்கு நல்ல வக்கீலா வெச்சு தண்டனையக் கொறைச்சுக்கலாம்.” அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். “என்ற பொண்ணு போன வருசம் அவினாசி ரோட்டுல, கொட்டற மழையில, லாரிக்கு ஒரு சாண் முன்னாடி நின்னா சுகந்தி. இந்த டயர் இல்லீன்னா அவ இன்னைக்கு இல்ல. ஒரு ஆளுக்காக இத்தனையும் விட்டுற முடியுமா?”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும், என் கையால் சாப்பிட்டிருக்கிறாள். கத்த வாயெடுத்துவிட்டு மெதுவாகத்தான் சொன்னேன்.

“உங்க பொண்ணு பொழைச்சதுக்கு அந்த ஆளு எதுக்கு சார் ஜெயில்ல இருக்கணும்? செய்யாத கொலையைச் செஞ்சதா அவரே நம்பிட்டிருக்காரு. நல்லா இருக்குதுங்க உங்க நியாயம்.”

அவர் எழுந்து கதவைத் திறந்துவிட்டார். போகாதீங்க என்று சொல்லவில்லை.

கோர்ட்டில் அரசு வக்கீல் கேட்டார்: “டயர் வழுக்கியதா?”

“இல்லை.”

“அவ்வளவுதான், நீங்கள் போகலாம்.”

“இன்னும் இருக்குங்க சார். வழுக்குச்சான்னு மட்டும் சட்டம் கேக்குது. சக்கரம் தரையில இருந்துச்சான்னு கேக்கவே இல்ல.”

வக்கீல் எதிர்ப்புத் தெரிவித்தார். நீதிபதியம்மாள் கையைக் காட்டி அவரை உட்கார வைத்தார். “புரியற மாதிரி சொல்லுங்க” என்றார் என்னிடம்.

அவர் மேசையில் ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது. “அதை நடுவுல விரலால லேசாத் தள்ளுங்கம்மா” என்றேன். வழவழப்பான மேசையில் பாட்டில் நின்றபடியே சறுக்கியது. “இப்ப அந்தக் கம்ப்யூட்டர் மவுஸுக்கு அடியில இருக்கற ரப்பர் பாய்மேல வெச்சு, அதே மாதிரி தள்ளுங்க.” தள்ளினார். பாட்டில் நகரவில்லை, குப்புற விழுந்து உருண்டு குமாஸ்தாவின் மடியில் போய் விழுந்தது. நீதிபதியம்மாள் அதைத் திரும்ப வாங்கி இன்னொரு தடவை தள்ளிப் பார்த்தார். அப்போதும் விழுந்தது.

“வழுக்கறதுன்னா கெட்டதுன்னே நெனச்சுட்டோம்மா. பழைய டயர் வழுக்கி வழுக்கி டிரைவரை எச்சரிக்கும். எங்க டயர் எச்சரிக்காது. கடைசி வரைக்கும் புடிச்சுட்டு இருந்துட்டு வண்டியையே சாய்ச்சுரும். சாயும்போது இடது சக்கரம் அந்தரத்துல சுத்துனதைத்தான் பெட்டி அம்பத்தாறுன்னு சொல்லியிருக்கு. எஞ்சின் கம்ப்யூட்டர்ல பதிஞ்சிருக்கற கியரையும், வண்டி சாயறதுக்கு முந்தி எஞ்சின் சுத்தினதையும் வெச்சுப் பாத்தா வேகம் இருவத்தஞ்சு, இருவத்தாறு. அதுக்கு மேல இல்ல.”

“வேறு வண்டிகளிலும் இப்படி ஆகுமா?” என்று கேட்டார் நீதிபதியம்மாள்.

“கூரையில பாரம் இருந்தா, வளைவு இடது பக்கமா இருந்தா, ஆகும்.”

கூண்டுக்குள் நின்ற மயில்சாமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னது அவருக்குப் புரிந்ததா என்றே தெரியவில்லை. இரண்டு நாள் நிபுணர்களை வைத்து எல்லாவற்றையும் சோதித்துவிட்டு அவரை விடுவித்தார்கள். வராந்தாவில் ஊன்றுகட்டையைத் தேய்த்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“அப்ப நா சொன்னது நெசந்தானுங்களா மேடம்?”

“நெசந்தாங்க. நீங்க இருவத்தஞ்சுலதான் போனீங்க.”

“இருவத்தஞ்சுலதான் போனேன்” என்றார். இன்னொரு தடவை அதையே சொன்னார். அப்புறம் சுவரில் சாய்ந்து, சுற்றி ஆட்கள் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல், கேவிக் கேவி அழுதார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. அன்றைக்குத்தான் வெகுநாள் கழித்து வீட்டில் உட்கார்ந்து முழுச் சாப்பாடு சாப்பிட்டேன்.

ஜெயசிம்மன் பயந்தபடி எல்லாரும் டயரைக் கழற்றவில்லை, ஆனால் பலபேர் கழற்றினார்கள். அந்த வாரம் தஞ்சாவூர்ப் பக்கம் மழையில் பழைய டயரோடு சறுக்கிய வேனில் இரண்டு பேர் இறந்ததாகப் பேப்பரில் வந்தது. அவர் அந்தப் பேப்பரை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அந்த இரண்டு பேரின் பெயரையும் படித்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் வாட்ச்மேன் போன் செய்தார். “மேடம், கேட்டுகிட்ட பொம்பளைக நின்னுட்டிருக்காங்க. உங்களைப் பாக்கோணுமாம். போகச் சொன்னாப் போக மாட்டேங்கறாங்க.”

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கேட்டில் தொடங்கிய வரிசை டீக்கடையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. சத்தியமங்கலத்திலிருந்து, ஏற்காட்டிலிருந்து, பச்சைமலையிலிருந்து. டிரைவர்களுடைய மனைவிகள், அம்மாக்கள். சக்கரச் சாட்சியால் உள்ளே போனவர்கள் எத்தனை பேர் என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. யாருக்கு அது தோன்றியது!

பின்பக்கக் கேட் வழியாக என்னை அனுப்பிவிடுவதாக ஜெயசிம்மன் சொன்னார். “போங்க சார் நீங்க” என்று சொல்லிவிட்டு நாற்காலியையும் கம்ப்யூட்டரையும் வாட்ச்மேன் ரூமுக்குத் தூக்கிவரச் சொன்னேன். ஒவ்வொரு வழக்காக எடுத்துப் பார்த்தேன். சிலர் உண்மையிலேயே வேகமாகத்தான் போயிருந்தார்கள். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. சொன்னதும் அந்தப் பெண்கள் மறுபேச்சு பேசாமல் எழுந்து போனது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மத்தியானத்துக்குமேல் ஒரு பெண் உள்ளே வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். மேனகா என்று பெயர் சொன்னாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

“எங்க வண்டியும் வலது பக்கந்தான் சாஞ்சுதுங்க்கா. மேல மிளகு மூட்டை. பொட்டி எழுவதுன்னு சொல்லுச்சு.”

“உங்க வீட்டுக்காரர் இப்ப எந்த ஜெயில்ல இருக்காரு?”

“இல்லீங்க்கா. போன தையில உள்ளயே தூக்குப் போட்டுக்கிட்டாரு.”

“அப்புறம் எதுக்கும்மா?” என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

“அந்த பஸ்ஸுலதான் எங்க பையனும் இருந்தானுங்க. ஒன்னாம் கிளாஸ். அப்பா வண்டியில போறேன்னு அழுதுட்டுப் போனான்.” அவள் முந்தானை முனையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். “மெதுவாத்தான் போனேன் மேனகான்னு அவரு சொல்லிட்டே இருந்தாருங்க. பொட்டி எழுவதுங்குதே, நீ எப்படிப் பொய் சொல்றேன்னு கேட்டுட்டு வந்துட்டேன். அப்புறம் பாக்கப் போகவே இல்ல. ஆளு விட்டுக் கூப்பிட்டாரு, நா போகல. பாத்துச் சொல்லுங்க்கா.”

தேதியைக் கேட்டு வாங்கி அந்த பஸ்ஸின் பதிவை எடுத்தேன். கியர், எஞ்சின் சுற்று, சாய்ந்த நேரம். என்ன பதில் வந்தால் இவள் தாங்குவாள் என்று யோசித்துப் பார்த்தேன், இரண்டுமே தாங்க மாட்டாள் என்று பட்டது. கணக்கை இரண்டு தடவை போட்டேன். ஒரே விடைதான்.

“இருவத்துநாலும்மா. மெதுவாத்தான் போயிருக்காரு.”

மேனகா தலையை ஆட்டினாள். அழவில்லை. அப்புறம் சின்னக் குரலில் என்னைக் கேட்டாள்.

“இத இனி அவருகிட்ட எப்படிங்க்கா சொல்றது?”